அத்தை மூன்று என்றாள்

மாலை ஏழு மணி இருபது நிமிடம். தூரக்கண்ணாடியில் கண்ணை வைத்ததும் எனக்கு முதலில் தெரிந்தது நட்சத்திரம் அல்ல, என் இமை மயிர். விளக்குமாற்று ஈர்க்குகளைப் போலத் தடித்து, கறுத்து, வளைந்து நின்றது.

“தெரியுதா?” என்று சித்தப்பா கேட்டார்.

“தெரியுது.”

“எத்தனை?”

எண்ணிப் பார்த்து, “பதினாலு” என்றேன்.

சித்தப்பா என் நெற்றியில் ஒரு விரலை வைத்துப் பின்னுக்குத் தள்ளினார். “கண்ண கொழாய்க்குள்ள திணிக்காத. கொஞ்சம் எட்டி நில்லு. இப்ப பாரு.”

இமை போய் வானம் வந்தது. கறுப்பு வட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. சற்றுத் தள்ளி இன்னொன்று, மங்கலாக. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தபோது முதல் புள்ளி ஒன்றல்ல, இரண்டு என்று தெரிந்தது. பெரிதும் சிறிதுமாக இரண்டு உப்புக் கற்கள். நடுவில் மயிரிழை அளவு இருட்டு. தள்ளி நின்றதையும் சேர்த்து மூன்று.

“மூணு” என்றேன்.

“அதுதான் சரி” என்று சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அவர் தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கருக்கு உதவியாக இருந்தவர். கொழுந்து வாடுவதையும் தூள் காய்வதையும் நிமிடக் கணக்கில் பார்த்துப் பழகியதால், அருந்ததியைப் பார்த்த நேரத்தையும் மனத்தில் குறித்துக்கொண்டார்.

வால்நட்சத்திரம் வந்து போன மறு வருடம் அது. ஆனி மாதம். எனக்கு ஒன்பது வயது. மடுல்சீமை மலையில் ஒரு தோட்டத்தில் அப்பா டிஸ்பென்சராக இருந்தார். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யாருக்குக் காய்ச்சல் கண்டாலும், கத்தி பட்டாலும், கண் சிவந்தாலும் அப்பாவிடம்தான் வருவார்கள். மருந்து அறைக்குப் பின்னால் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் கொல்லை. கொல்லையின் விளிம்போடு மலை முடிந்து, வடக்கே பள்ளம் இறங்கியது. அந்தப் பக்கம் மரமோ கூரையோ கிடையாது. எங்கள் கீரைப்பாத்தி முடிகிற இடத்தில் வானம் தொடங்கும்.

தூரக்கண்ணாடி தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னதுரையுடையது. வால்நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கென்று சீமையிலிருந்து வரவழைத்தார். பெட்டி மாட்டுவண்டியில் மலையேறி வந்தபோது வால்நட்சத்திரம் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. துரை அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மாற்றலாகிப் போகும்போது, இரண்டு முறை ஆசையாக விசாரித்த சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு முழ நீளப் பித்தளைக் குழாய். நிறுத்துவதற்குக் கால் இல்லாததால் தேயிலைப் பெட்டிச் சட்டங்களைக் கொண்டு சித்தப்பாவே மூன்று கால் செய்தார். ஒரு கால் குட்டையாகிவிட்டது. அதற்குக் கீழே ஒரு செங்கல்.

ஒரு வருடமாக அம்மா அந்தக் குழாயைச் சீண்டவில்லை. “வானத்துல இருக்கறது அது பாட்டுக்கு இருக்கு. நாம பாக்கலேன்னு அது கோவிச்சுக்கப் போகுதா?” என்பாள். இப்போது அவளே பகலில் அதைத் துடைத்து வைத்தாள். காரணம் அத்தை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பத்தொன்பது வயது. அரிசியில் கல் பொறுக்குவாள், ஊசியில் நூல் கோப்பாள், பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தை விளக்கில்லாமல் படிப்பாள். ஆனால் கை நீளத்துக்கு அப்பால் அவளுக்கு உலகம் வெறும் புகை. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியக்கூடாது. சித்தப்பா ஒருமுறை மூக்குக் கண்ணாடி என்ற பேச்சை எடுத்தார். “கண்ணாடி போட்ட பொண்ண எவன் கட்டுவான்? இவ என்ன தொரசாணியா?” என்று அம்மா அந்தப் பேச்சை முடித்துவைத்தாள். தோட்டத்தில் அத்தனை பேர் கண்ணுக்கு மருந்து விட்ட அப்பா, அப்போது எழுந்து மருந்து அறைக்குப் போய்விட்டார்.

முந்தைய வருடம் ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்வாசலில் நின்றார்கள். பெரியவரை விழுந்து கும்பிடும்படி அம்மா காதில் சொல்லியனுப்பினாள். அத்தை நேராகப் போய் வண்டிக்காரரை விழுந்து கும்பிட்டாள். அவரும் இரண்டு கைகளையும் தூக்கி மனதார வாழ்த்தினார். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான்.

இரண்டாவதாக வந்தது இந்தச் சம்பந்தம். மாப்பிள்ளை ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் சிக்னல்காரர். அவர் அம்மா தனியாக வந்து பெண்ணைப் பார்த்தார். நல்ல வேளையாக அத்தை அப்போது குனிந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

கல்யாணத்தில் ஐயர் மணப்பெண்ணுக்கு அருந்ததி காட்டுவது எல்லோரும் அறிந்தது. நடக்கிற முறையைச் சொன்னால், பட்டப்பகலில் அவர் பந்தல் ஓலையைப் பார்த்துக் கையை நீட்டுவார். பெண்ணும் ஓலையைப் பார்த்துத் தலையாட்டுவாள். யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. மாப்பிள்ளையின் அம்மா அதற்கு ஒப்பவில்லை.

“மூத்த மருமகளுக்குப் பகல்லதான் காட்டினாங்க. அவளும் பாத்தேன்னு தலையாட்டினா. நானும் சும்மா இருந்துட்டேன். வருசம் திரும்பல, போய்ச் சேந்துட்டா. அருந்ததி கண்ணுல படாதவங்க தங்க மாட்டாங்கன்னு அப்புறமாத்தான் சொன்னாங்க” என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கல்யாணம் ஆவணியில. அப்ப பொழுது சாயறப்பவே அது மலைப்பக்கம் எறங்கிடும். அதனால பரிசத்தன்னிக்கே பொண்ணு வெளிய வந்து வெறுங்கண்ணால பாத்து, கைய காட்டி, எத்தனைன்னு சொல்லட்டும். அப்புறம் தட்டு மாத்திக்கலாம்.”

அன்றிரவு வீட்டில் அடுப்பு சீக்கிரம் அணைந்தது. அம்மா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் காட்டும் மற்றக் கை நட்சத்திரத்துக்கு நேராக வந்ததும் ஒருமுறை அழுத்த வேண்டும். எத்தனை என்று கேட்டால், வசிட்டரும் அருந்ததியுமாக ‘ரெண்டு’ என்று அத்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு இது போதவில்லை. “பாக்காதத பாத்தேன்னு ஏன் சொல்லணும் அண்ணி? ஒரு தடவ நெசமா பாத்துடட்டும். அப்புறம் யாரு கேட்டாலும் பாத்தேன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லலாம்ல?” என்றார். அப்படித்தான் குழாய் கொல்லைக்கு வந்தது. நான் முதலில் பார்த்தேன், சோதனைக்காக. பிறகு அத்தை.

அவள் கண்ணை வைத்தாள். கண் வைக்கிற முனையில் நீண்டிருந்த சிறு குழாயைப் பிடித்து மெல்ல உள்ளே தள்ளினாள், இன்னும் கொஞ்சம் தள்ளினாள், நிறுத்தினாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது. கோழிக்கூண்டின் தகரம் தட்டியது. செங்கல்லை நான் காலால் மிதித்து அசையாமல் வைத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து அத்தை, “சின்னண்ணே, இது இவ்வளவு சின்னதா?” என்றாள். மழை இரவில் லாந்தரைச் சுற்றித் தெரிகிற வளையத்தைப் போல, நட்சத்திரம் என்றால் பெரிதாகப் படர்ந்திருக்கும் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தாளாம்.

“எத்தனை தெரியுது?”

“மூணு.”

“கண்ணாடியில மூணு. வெறுங்கண்ணுக்கு ரெண்டுதான் தெரியும். எவ்வளவு நல்ல கண்ணா இருந்தாலும் ரெண்டுதான். அத மறந்துடாத.”

அம்மா படியில் நின்றபடி கேட்டாள். “அது யாரு மூணாவது?”

“வசிட்டருக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கு அண்ணி. ரெட்ட நட்சத்திரம். அருந்ததியவிடக் கிட்ட.”

“கட்டினவள தள்ளி நிறுத்திட்டு இன்னொருத்தியா? நல்லாருக்கு கத. இத பரிசத்தன்னிக்கு யாரும் வாயத் தொறந்து சொல்லித் தொலைக்காதீங்க” என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

நான்கு மாலை அத்தை பார்த்தாள். நான்கு நாளும் அவளுக்குப் பிறகு நான் பார்த்தால் எல்லாம் பஞ்சுப் பொதியாக இருந்தது. அந்தச் சிறு குழாயை ஒரு நெல்லின் நீளம் வெளியே இழுத்தால்தான் எனக்குப் புள்ளிகள் திரும்பி வரும். அத்தைக்கு முரட்டுக் கை, சாமானைப் பக்குவமாகப் பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பரிசத்தன்று மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது பேர் வந்து சேர்ந்தார்கள். குழாயைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடியிருந்தோம். காலை மடக்கினால் ஆணி கழன்றுவிடும் என்பதால் நின்றபடியே இருந்தது. சாக்கை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஏழு மணிக்கு மாப்பிள்ளை கை கழுவக் கொல்லைக்கு வந்தார். ஒல்லியானவர். நடக்கும்போதும் தூரத்தைப் பார்த்தே நடந்தார். தண்ணீர்ப் பீப்பாயிலிருந்து மொண்டு கழுவிவிட்டுச் சாக்கைப் பார்த்தார்.

“அது என்ன பாப்பா, சாமியா?”

“இல்ல.”

“பின்ன?”

“சொல்லக் கூடாது.”

“சரி, சொல்லாத” என்று அவர் திரும்பி நடந்தார். அவர் இன்னும் ஒருமுறை கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். கேட்காமல் போகிறாரே என்றுதான் சாக்கை இழுத்தேன்.

அவர் குழாயைச் சுற்றி வந்து பார்த்தார், தொடவில்லை. “பாக்கலாமா?” என்று என்னிடம் அனுமதி கேட்டார். பெரியவர் யாரும் அதுவரை என்னிடம் அனுமதி கேட்டதில்லை. வடக்கே இருட்டு இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஆனால் கவிழ்த்த அகப்பை போல ஏழு முனிவரும் தெரிய ஆரம்பித்திருந்தார்கள். அகப்பைக் காம்பில் நடு நட்சத்திரத்துக்கு நேராகக் குழாயைத் திருப்பி, செங்கல்லை மிதித்துக்கொண்டேன்.

“ஒண்ணும் தெரியலியே. மேகமாட்டம் இருக்கு” என்றார்.

“அத்தை பாத்தா அப்படித்தான். கொழாய உள்ள தள்ளி விட்டுடும். தெனமும் நான்தான் சரி பண்ணணும். இந்தா, இவ்வளவு இழுங்க” என்று விரலில் நெல்லின் நீளம் காட்டினேன்.

அவர் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். “தெனமும் அவ்வளவுதானா?”

“தெனமும் அவ்வளவேதான். ஒரு நாளும் கூடாது, கொறையாது.”

அவர் மெதுவாகக் குழாயை இழுத்தார். பார்த்தார். பிறகு, “மூணு இருக்கு” என்றார்.

“ஆமா. ஆனா வெறுங்கண்ணுக்கு ரெண்டுதான்” என்று எனக்குத் தெரிந்த மீதியையும் சொல்லிக் கொடுத்தேன்.

“எங்க வேலையில வருசா வருசம் கண்ணு பாப்பாங்க, தெரியுமா? செவத்துல எழுத்து மாட்டி வாசிக்கச் சொல்லுவாங்க. சில பேரு அத முன்னாடியே மனப்பாடம் பண்ணிட்டு வந்துடுவாங்க” என்றார். ஏன் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. சாக்கை அவரே பழையபடி மூடினார். “இத நான் பாத்தத யாருகிட்டயும் சொல்லாத பாப்பா.” ஒரே நாளில் இரண்டு ரகசியம் கிடைத்த பெருமையில் நான் வாசலுக்கு ஓடினேன்.

ஏழரைக்கு எல்லோரும் கொல்லைக்கு வந்தார்கள். தாம்பூலத் தட்டுகள் உள்ளே பாயில் காத்திருந்தன. அம்மா லாந்தரைத் தாழ்த்திப் பிடித்தாள். அத்தை நடுவில் நின்றாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

“பாரும்மா. தெரியுதா?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“தெரியுதுங்க.”

“எங்க, கைய காட்டு.”

அத்தையின் வலது கை எழுந்தது. இடது கை என்னிடம் இருந்தது. அவள் விரல் காம்புக்கு நேராக வந்ததும் அழுத்தினேன். விரல் அங்கேயே நின்றது. மாப்பிள்ளையின் அம்மா அந்த விரலின் வழியே பார்த்து, “அதேதான்” என்றார். அவர் குரலில் அழுகை கலந்திருந்தது. “எத்தனை இருக்கு?”

“மூணுங்க” என்றாள் அத்தை.

லாந்தர் ஆடியது. அப்பா இருமினார். சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது அவர் நேரம் பார்க்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

“மூணா? எனக்கு ரெண்டுதானே தெரியுது?” மாப்பிள்ளையின் அம்மா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். என் கையிலிருந்த விரல்கள் குளிர்ந்துகொண்டு வந்தன.

“மூணுதான்மா” என்றார் மாப்பிள்ளை, பின்னாலிருந்து.

“யாருடா அது மூணாவது?”

“வசிட்டரோட அம்மாவா இருக்கும். புள்ளைக்கு அவ்வளவு கிட்டத்துல வேற யாரு நிப்பா?”

முதலில் அப்பாதான் சிரித்தார். பிறகு எல்லோரும். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. நெற்றியில் கையை வைத்து, கண்ணைச் சுருக்கி, திரும்பவும் வடக்கே பார்த்தார். நாங்கள் காத்திருந்தோம்.

“ஆமாடா” என்றார். “இப்ப தெரியுது. ஒட்டினாப்புலயே நிக்குறா.”

அவருக்குப் பின்னால் அவர் தம்பிக்கும் தெரிந்தது. வந்தவர்களில் இன்னொருவர், தமக்கு முதலிலேயே தெரிந்ததாகவும் சபையில் சொல்ல வேண்டாம் என்று இருந்ததாகவும் சொன்னார். அம்மா லாந்தரை உயர்த்தி, “எனக்கும் தெரியுதுங்க” என்றாள். அப்பாவும் தெரிவதாகச் சொன்னார். நான் இமைக்காமல் பார்த்தேன். இரண்டுதான் இருந்தது.

தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் தலையில் பூ வைத்து, கன்னத்தைத் தொட்டு, “நூறு வயசு இருப்ப தாயி” என்றார். எல்லோரும் வடையும் பாயசமும் சாப்பிட்டார்கள். எனக்கு வடை இறங்கவில்லை. பத்துப் பதினைந்து பேருக்குத் தெரிவது எனக்கு மட்டும் தெரியவில்லை என்றால், அத்தையின் புகை எனக்கும் வந்துவிட்டது என்றுதானே பொருள்? படுக்கப் போகும்போது அழுதுகொண்டே அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மருந்து அறையைத் திறந்து, ஒரு சீசாவை எடுத்து வந்து, கண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டார். எரிந்தது. குணமாகிவிடும் என்றார்.

பக்கத்தில் படுத்திருந்த அத்தையிடம் கேட்டேன். “ரெண்டுன்னுதானே அம்மா சொல்லச் சொன்னாங்க? ஏன் மூணுன்ன?”

“நான் பாத்தது மூணுடி. என் வயசுக்கு நான் பாத்த நட்சத்திரமே அதுதான். அதுலயும் ஒண்ண கொறச்சுச் சொல்லணுமா?” என்று போர்வையை இழுத்துக்கொண்டாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஐயர் பகலில் பந்தல் ஓலையைக் காட்டினார். அத்தை தலையாட்டினாள். மாமியார் ஒன்றும் கேட்கவில்லை.

மறுவீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு பிற்பகல். மாப்பிள்ளை, இப்போது எனக்கு மாமா, அத்தையை உட்காரவைத்துக் கையில் பஞ்சாங்கத்தைக் கொடுத்தார். எழுத்து மங்கும்வரை அதைக் கண்ணிலிருந்து விலக்கிக்கொண்டே போகச் சொன்னார். மங்கியதும் நிறுத்தச் சொல்லி, அவள் கண்ணுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு நூலைப் பிடித்தார். நூலைக் கத்தரித்து, மூன்று முறை திரும்பவும் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அத்தை சிரித்துக்கொண்டே இருந்தாள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் விளையாடும் விளையாட்டு என்று நினைத்தேன். எனக்கும் அளக்கும்படி கேட்டேன். “உனக்குத் தேவையில்ல பாப்பா” என்றார். அதற்கும் கோபித்துக்கொண்டேன்.

மாதம் முடிவதற்குள் கொழும்பிலிருந்து மாமாவின் ஸ்டேஷனுக்கு ஒரு சின்னப் பார்சல் வந்ததாக அத்தை எழுதியிருந்தாள். உள்ளே என்ன என்று எழுதவில்லை.

அடுத்த ஆனியில் அத்தை பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எஃகுக் கம்பியில் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். மாமியாரும் கூட வந்திருந்தார். முதல் நாள் மாலையே, சித்தப்பா குழாயை எடுப்பதற்கு முன், இரண்டு பேரும் கொல்லைக்குப் போய் வடக்கே பார்த்து நின்றார்கள்.

“மூணும் தெரியுதா?” என்று மாமியார் கேட்டார்.

அத்தை கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு இரண்டு தெரிந்தது.